வெள்ளம் வடிந்த பின்

இரும்பைப் பற்றிப் பேசத் திண்டுக்கல்லாருக்கு ஓரளவு உரிமை உண்டு. பூட்டினால் பெயர் பெற்ற ஊர் இது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், வெள்ளத்தைப் பற்றிப் பேச நமக்கு அவ்வளவு உரிமை இல்லை. ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் கொடைக்கானல் மலைத்தொடர், நடுவே வானம் பார்த்த பூமி. ஆத்தூர் அணையில் நீர் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டே கோடையைக் கழிப்பவர்கள் நாம். மழை வேண்டித் திடலில் கூடித் தொழுத நாள்கள் நம் நினைவில் பல உண்டு. மழை போதும் என்று கையேந்திய நாள்கள் அரியவை.

இத்தகைய ஊரில் வாழும் நமக்கு, நீரில் மூழ்கிய மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓடச் செய்வது எப்படி என்னும் பாடம், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், காயல்பட்டினத்தில் கிடைத்தது. வாசகர் இல்லங்களில் இன்று வண்டி இல்லாத வீடு அரிது. ஆதலின் அப்பாடத்தை இங்கே எழுதி வைப்பது பலருக்கும் பயன்படும் என நம்புகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையை எவரும் மறந்திருக்க மாட்டார். 18-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுதும் அப்பகுதி காணும் மழையினும் அது மிகுதி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டனர். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின.

அவ்வூரில் நம் நண்பர் ஒருவர் இருக்கிறார். அரபுக் கல்லூரியில் நமக்கு மூன்றாண்டு இளையவராக ஓதியவர். இன்றளவும் நம்மைக் ‘காக்கா’ என்றே அழைப்பவர். காலையில் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார். அது முடிந்ததும் கைலியும் சேலையும் மூட்டையாகக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னே ஏற்றி, சுற்றுவட்டக் கிராமங்களுக்குத் தவணை வியாபாரத்திற்குச் செல்வார். மக்தபுச் சம்பளம் அரிசிக்குச் சரியாகும். மற்றவையெல்லாம் அந்த வண்டி ஈட்டித் தந்தவை. பதினோராண்டுப் பழமையான நூறு சி.சி. வண்டி. இரு பெண்மக்களின் நிக்காஹ் செலவையும் அந்த வண்டியே சுமந்தது என்று அவர் சொல்வதுண்டு.

மழை நின்ற நான்காம் நாள், அஸருக்குப் பின், அவருடைய குரல் நமக்குக் கேட்டது. வீட்டார் அனைவரும் மாடியில் தங்கி நலமாக இருந்தனர், அல்ஹம்து லில்லாஹ். நலம் விசாரித்து முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“வண்டி இரண்டு இரவு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது, காக்கா. இன்றுதான் சேற்றிலிருந்து இழுத்து நிறுத்தினோம். மகன் உதைத்துப் பார்க்கிறேன் என்று நிற்கிறான். பக்கத்து வீட்டு வண்டியை நேற்றுக் கிளப்பிப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ முறிந்தாற்போலச் சத்தம் வந்து நின்றுவிட்டதாம்.”

நமக்கு இயந்திர அறிவு கிடையாது. ஆனால், பேகம்பூரில் நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பதைக் கடந்தவர், இருசக்கர வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லக்கூடியவர். அவரிடம் விரைந்து சென்று தொலைபேசியை அவர் கையில் கொடுத்தோம். நண்பரின் மகனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“தம்பி, சாவியைக் கழற்றி உங்கள் உம்மாவிடம் கொடுத்துவிடு. நான் சொல்லும் வரை அது அவர்களிடமே இருக்கட்டும்.”

அதன் காரணத்தை அவர் பின்னர் நமக்கு விளக்கினார். இஞ்சினுக்குள் சிலிண்டர் என்னும் உருளையில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. உள்ளே இழுத்த காற்றையும் பெட்ரோல் ஆவியையும் அது மேலே தள்ளி, ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. நூறு சி.சி. வண்டியில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 12 கன சென்டிமீட்டர்தான். குழம்புக் கரண்டியில் கால் பங்கு நீர் அவ்விடத்தை நிரப்பப் போதும். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. அவ்வளவு நீர் உள்ளே நிற்கும்போது இஞ்சினைச் சுழற்றினால், பிஸ்டன் மேலே போக வழியின்றித் திணறும். செல்ஃப் பொத்தானை அழுத்தும்போதும், ஓடும் வண்டி ஆழமான நீரில் இறங்கிக் காற்றோடு நீரையும் உறிஞ்சும்போதும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்னும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். பக்கத்து வீட்டு வண்டியில் கேட்ட சத்தம் அதுவே.

இதனைக் கேட்டபோது நமக்கு அல்ஜஸரீயின் நினைவு வந்தது. தியார்பக்கிரில் அர்துகீ மன்னர்களின் அரசவையில் பணியாற்றிய அப்பெரும் தச்சர், 1206-ஆம் ஆண்டில் இயந்திரங்களைப் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதி முடித்தார். இரண்டு உருளைகளுக்குள் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் இயங்கி ஆற்று நீரை மேலே ஏற்றும் பொறி ஒன்றை அதில் அவர் விவரிக்கிறார். நீர் அழுத்தத்திற்குச் சுருங்காது என்பதனாலேயே அப்பொறி நீரை உயரத்திற்குத் தள்ளிற்று. அதே குணமே இன்று இஞ்சினை முறிக்கிறது. நீருக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை. அதன் இயல்பை அறிந்து கை வைப்பவனுக்கு அது பணி செய்கிறது. அறியாமல் கை வைப்பவனுக்கு முறித்துக் காட்டுகிறது.

சாவியைத் தொடாதே என்றதனால் சும்மா இரு என்று பொருளாகாது. அதனை நம் மாணவர் அழுத்தமாகவே சொன்னார். “காத்திருந்தாலும் கெடும், ஹஜ்ரத். தண்ணீர் உள்ளே நிற்கும் ஒவ்வொரு நாளும் துரு பிடிக்கும். வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டால் பிறகு உதைத்தாலும் அசையாது. இன்று மஃரிபுக்குள் முதல் வேலை முடியவேண்டும்.” அதன்படி ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் சொல்லி அந்த இளைஞனைச் செய்ய வைத்தார்.

முதலில் பேட்டரியின் வயரைக் கழற்ற வேண்டும். நனைந்த மின்கம்பிகளில் மின்சாரம் ஓடினால் வண்டியின் மின்னுறுப்புகள் எரிந்துபோகும். இரண்டாவதாக, சேறு காய்ந்து இறுகுமுன் நல்ல தண்ணீர் ஊற்றி வண்டியைக் கழுவ வேண்டும். நனைந்த வண்டியை மேலும் நனைப்பதா என்று தயங்கக் கூடாது. மூன்றாவதாக, இஞ்சினின் அடியிலுள்ள திருகைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். எண்ணெயை விட நீர் கனமானது ஆகையால் அதுவே முதலில் வரும். அதன் பின் வரும் ஆயில் கறுப்பாகவோ தேன் நிறமாகவோ இல்லாமல் பால் ஊற்றிய தேநீர் போல வெளுத்திருந்தால், நீர் உள்ளே கலந்துவிட்டது என்று அறியலாம். நண்பரின் வண்டியில் அப்படித்தான் வந்தது. நான்காவதாக, பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் காலால் உதைக்காமல் கையால் மெல்ல அழுத்த வேண்டும். பிளக் இருந்த துளை திறந்திருப்பதால் நீர் அவ்வழியே வெளியேறும், எதுவும் முறியாது.

“பீய்ச்சிக்கொண்டு வருகிறது, காக்கா!” என்று தொலைபேசியில் நண்பர் வியந்தது நமக்கு நன்றாகக் கேட்டது. நீர் நின்ற பின், வீட்டில் மிச்சமிருந்த நல்ல ஆயிலில் இரண்டு தேக்கரண்டி அத்துளை வழியே விட்டு, மீண்டும் கிக்கரை மெல்ல அழுத்தச் சொல்லி, துளையைத் துணியால் மூட வைத்தார் நம் மாணவர். சிலிண்டரின் சுவரில் எண்ணெய் படர்ந்துவிட்டால் துரு சில நாள்கள் அண்டாது. மஃரிபு பாங்கிற்குச் சற்று முன் அவ்வேலை முடிந்தது.

சாலைகள் ஓரளவு சீரானதும், 24-ஆம் தேதி ஞாயிறன்று, நம் பகுதி மக்கள் திரட்டிய அரிசி, பாய், போர்வைகளுடன் ஒரு வேன் காயலுக்குப் புறப்பட்டது. நாமும் அதில் சென்றோம். பட்டறையைப் பூட்டிவிட்டு மாணவரும் உடன் வந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவருடைய ஸ்பானர் பெட்டியும், ஆயில் டின்னும், சில பிளக்குகளும், ஏர் ஃபில்டர்களும் இருந்தன.

நண்பரின் முற்றத்தில் இரண்டு காட்சிகள் நமக்குக் காத்திருந்தன. ஒருபுறம் வண்டி. மறுபுறம் கயிற்றுக் கட்டில்களின் மேல் கிதாபுகள். அவற்றுள் அவருடைய பாட்டனார் காலத்து அரபுத்தமிழ் நூல்களும் இருந்தன. வெள்ளம் கீழ்த்தட்டு அலமாரியைத் தொட்டுவிட்டது. நண்பரின் இல்லத்தார் வெயில் படாத நிழலில், காற்று மட்டும் வரும் இடத்தில் அவற்றை விரித்திருந்தார்கள். தாமாகப் பிரிந்த ஏடுகளுக்கிடையே மட்டும் வெள்ளைத் தாள்களைச் செருகியிருந்தார்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளை எவரும் தொடவில்லை. நாம் ஒன்றை எடுக்கப் போனபோது, “இப்போது பிரித்தால் எழுத்தோடு கிழிந்து வந்துவிடும். காய்ந்தால் தானே வழிவிடும்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. நம் மாணவர் சிரித்துக்கொண்டார். “நான் வண்டிக்குச் சொன்னதைத்தான் அம்மா கிதாபுக்குச் செய்திருக்கிறார்கள், ஹஜ்ரத்” என்றார்.

பின்னர் அவர் வேலையைத் தொடங்கினார். பெட்ரோல் டாங்கில் இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே பெட்ரோலும் அடியில் கலங்கலான வேறொரு படலமும் தெரிந்தன. பெட்ரோலை விட நீர் கனமாகையால் அடியில் தங்கும். இக்காலப் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருப்பதால் அது நீரை உறிஞ்சிக்கொண்டு நீரோடு சேர்ந்தே கீழே பிரிந்துவிடும். ஆகவே மேலே உள்ளதையாவது காப்போம் என்று நினைக்காமல் முழுவதையும் நீக்கிவிட வேண்டும் என்றார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே மணல் படிந்திருந்தது. ஏர் ஃபில்டர் சேற்று உருண்டையாகியிருந்தது, அதனை மாற்றினார். முன்சக்கரத்தை உயரத்தில் ஏற்றி வைத்ததும் சைலன்சரின் வால் வழியே ஒரு செம்பு தண்ணீர் வடிந்தது. இரு சக்கரங்களின் பிரேக் டிரம்களையும் திறந்து சேற்றைத் துடைத்தார். “வண்டி ஓடினால் போதும் என்று இதை விட்டுவிடுவார்கள். ஓடாத வண்டி ஆளைக் கொல்லாது, நிற்காத வண்டி கொல்லும்” என்பது அவர் சொல். மின்கம்பிகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்து வெயிலில் உலர்த்தினார்.

எல்லாம் முடிந்து, புது ஆயிலும் புது பிளக்கும் புது பெட்ரோலும் இட்டு, அம்மாவிடமிருந்து சாவியை வாங்கி வரச் சொன்னார். முதல் உதையில் அசைவில்லை. இரண்டாம் உதையிலும் இல்லை. மூன்றாம் உதையில் ஓர் இருமல் மட்டும் வந்தது. இளைஞன் ஆவல் தாங்காமல், “நான் வேகமாக உதைக்கட்டுமா?” என்றான். மாணவர் வண்டியை விட்டு எழுந்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, “அஸர் தொழுதுவிட்டு வருவோம், தம்பி” என்றார். தொழுது வந்து பிளக்கை மாட்டி உதைத்தபோது இரண்டாம் உதையில் வண்டி உயிர் பெற்றது. சைலன்சரிலிருந்து வெண்ணிற ஆவி முற்றம் முழுதும் பரவியது. வீட்டுப் பெண்கள் கதவோரம் வந்து நின்றார்கள். நண்பரின் கண்கள் கலங்கியிருந்தன.

ஆயினும் மாணவர் மகிழவில்லை. ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயிலை மறுபடியும் வடித்தார். மீண்டும் தேநீர் நிறம்! உள் இடுக்குகளில் ஒளிந்திருந்த நீரையும் புது ஆயில் கழுவிக்கொண்டு வருகிறது. அதனோடு ஓட்டினால் ஒரு மாதத்தில் பேரிங்குகள் தேயும் என்றார். மறுபடி ஊற்றி, ஓட்டி, வடித்தார். மூன்றாம் முறை வந்தது தேன் போலத் தெளிந்திருந்தது. அதன் பிறகே நல்ல ஆயிலை நிரப்பி, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மாற்றுமாறு இளைஞனிடம் சொல்லி, சாவியை அவன் கையில் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு வண்டியையும் அன்றே திறந்து பார்த்தார். தண்டு வளைந்திருந்தது. பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. அன்றாடக் கூலிக்குச் செல்லும் மனிதர் அவர். இரு வண்டிகளும் ஒரே தெருவில், ஒரே நீரில், ஒரே அளவு நேரம் மூழ்கிக் கிடந்தவை. நீர் இரண்டையும் சமமாகவே நனைத்தது. வேறுபாட்டைச் செய்தது நீர் வடிந்த பிறகு நேர்ந்த ஒரு நிமிடம்.

வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய செய்திகள் இன்னும் சில உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து தெளிப்பது ஒரு சிறு கணிப்பொறி. அவ்வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி, நகர்த்தி வைப்பதோடு நம் வேலையை நிறுத்திக்கொண்டு, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே நலம். காப்பீட்டிலும் கவனம் வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும் உள்ளவருக்கு வெள்ளச் சேதத்திற்கு எதுவும் கிட்டாது. விரிவான காப்பீடு உள்ளவருக்கும், மூழ்கிய இஞ்சினைக் கிளப்பியதால் உண்டான முறிவு வெள்ளத்தின் நேர்ச்சேதம் அன்று எனக் கூறி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. எனவே முதலில் படம் எடுத்து, அறிவித்து, அதன் பின்னரே கை வைக்க வேண்டும். வெள்ளம் காணாத ஊர் என்று நாமும் இருந்துவிட முடியாது. ஒரு மணி நேரக் கோடை மழையில் ரயில்வே சுரங்கப்பாதைகள் நிரம்புவதை நாம் காண்கிறோம். சக்கரத்தின் அச்சு மூழ்குமளவு நீர் நின்றால் சுற்றி வருவதே அறிவு. நடுவில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்பாமல் தள்ளிக்கொண்டு வெளியேறுங்கள்.

ஸப்ர் என்னும் அரபுச் சொல்லைத் தமிழில் நாம் பொறுமை என்கிறோம். பலர் அதனை, நேர்ந்ததை ஏற்றுக் கைகட்டி அமர்ந்திருத்தல் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அகராதி ஆசிரியர்களோ அச்சொல்லின் மூலப்பொருள் ‘தடுத்து நிறுத்துதல்’ என்பர். தன்னைத் தானே பிடித்து நிறுத்துதல் அது. முப்பது ஆண்டுகளாக இப்பொருளை நாம் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். ஆனால், நம்மிடம் ஓதிய ஒருவர் ஓர் இளைஞனின் காலைக் கிக்கரிலிருந்து தடுத்து நிறுத்தி, அதே மூச்சில் மஃரிபுக்குள் செய்ய வேண்டிய வேலைகளையும் வரிசைப்படுத்தியபோது, அச்சொல்லின் இரண்டு பாதிகளும் ஒருசேர விளங்கின. தடுத்து நிறுத்தும் கையும் வேலை செய்யும் கையும் ஒரே மனிதனுடையவை.

மாணவர் பிளக்குக்கும் ஃபில்டருக்கும் ஆயிலுக்கும் உரிய விலையை மட்டும் பெற்றுக்கொண்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஜனவரி முதல் வாரத்தில் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். வண்டி பழையபடி ஓடுகிறது. கிராமங்களுக்குச் சென்றுவரத் தொடங்கிவிட்டார். “வியாபாரம் எப்படி?” என்று கேட்டோம்.

“இந்த முறை மூட்டை கொண்டுபோகவில்லை, காக்கா. பாதிப் பேருக்கு வீடே இல்லை. நான் வந்தால் தவணைக்குத்தான் வந்தேன் என்று பயந்துவிடுவார்கள். அதனால் வாசலில் இறங்கும்போதே, பணம் மெல்லத் தாருங்கள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன்” என்றார்.